சாட்டு நாளில் தாளித்த குழம்பு

எங்கள் குரூப்பில் மொத்தமே நாலு பேர்தான். பாலவனத்தத்தில் இருக்கும் என் அக்கா, திருச்சுழியில் இருக்கும் என் மனைவியின் தங்கை, பரளச்சிக்கு அந்தப் பக்கம் ஒரு கிராமத்தில் கட்டிக்கொடுத்த என் மகள், அருப்புக்கோட்டையில் நான். "ராச்சாப்பாடு" என்று மகள்தான் அதற்குப் பெயர் வைத்தாள். விளக்கு வைக்கிற நேரம் ஆனதும், இன்றைக்கு என்ன குழம்பு என்று ஆளாளுக்கு வாட்ஸ்அப்பில் ஒரு போட்டோ போட வேண்டும். குழம்பு மட்டும் போதாது. பக்கத்தில் சோறும், தொட்டுக்கொள்ள வைத்ததும் தெரிய வேண்டும். ரசத்தோடு முடித்துக்கொண்ட நாளென்றால் ரசத்தையாவது போட வேண்டும். தப்பிக்க வழியே இல்லை.

இது சமையல் ஆசையில் தொடங்கிய குரூப் இல்லை என்பது எனக்கு முதல் நாளே தெரியும். என் மனைவி இறந்த பிறகு கொஞ்ச காலம் நான் பரோட்டாக் கடையையே வீடாக்கிக்கொண்டிருந்தேன். யார் கேட்டாலும் சமைத்தேன், சாப்பிட்டேன் என்று வாய் கூசாமல் சொல்லுவேன். மகள் வாய்ச்சொல்லை நம்புகிறவள் இல்லை. அந்த விஷயத்தில் அவள் என்னைக் கொண்டு பிறந்தவள். "போட்டோ போடுங்கப்பா, பாத்தாத்தான் நம்புவேன்" என்று சொல்லிவிட்டாள். தனியாக என்னிடம் மட்டும் கேட்டால் எனக்குக் கோபம் வரும் என்று அத்தையையும் சித்தியையும் சேர்த்துக்கொண்டாள். பள்ளிக்கூடத்தில் ஆஜர் எடுக்கிற மாதிரிதான் அது.

எனக்குச் சந்தேகம் பிறவிக் குணம் இல்லை, தொழில் கொடுத்தது. தனியார் பஸ்ஸில் கண்டக்டராக இருந்தவன் நான். அருப்புக்கோட்டையில் ஏறி பரளச்சி வரைக்கும் வருகிற ஆளின் முகத்தைப் பார்த்தே, டிக்கெட் எடுத்திருக்கிறானா, எடுத்ததாக நடிக்கிறானா என்று சொல்லிவிடுவேன். தூங்குகிற மாதிரி கண்ணை மூடிக்கொள்கிறவன் தூங்க மாட்டான். பின்னாடி எடுத்தாச்சு என்று கேட்காமலே சொல்கிறவன் எடுத்திருக்க மாட்டான். வேலையை விட்ட பிறகும் இந்தப் புத்தி என்னை விட்டுப் போகவில்லை. பால்காரரிலிருந்து கேபிள்காரர் வரைக்கும் எல்லாரையும் அப்படித்தான் பார்க்கிறேன். "ஒங்க மாதிரி ஆளுகூட எப்படித்தான் எங்கக்கா குப்ப கொட்டுச்சோ" என்று என் கொழுந்தியாள் இன்றைக்கும் கேட்பாள்.

ஆனாலும் நான் சமைக்கக் கற்றுக்கொண்டேன். மகள் மிரட்டியதற்காக என்று எல்லாரும் நினைத்தார்கள். உண்மை அது இல்லை. அம்மா போனதோடு பிறந்த வீடும் போய்விட்டது என்று அவள் நினைத்துவிடக் கூடாது என்கிற பயம் எனக்கு இருந்தது. ஒரு கஷ்டம் வந்தால், ஒரு சண்டை வந்தால், யாரையும் கேட்காமல் பையைத் தூக்கிக்கொண்டு நேராக இங்கே வந்து இறங்க வேண்டும். இறங்கினால் அடுப்பு எரிந்துகொண்டிருக்க வேண்டும். வாம்மா, உக்காரு, சாப்பிடு என்று சொல்ல எனக்கு யோக்கியதை இருக்க வேண்டும். அதற்காகத்தான் அந்த வயதில் புளி கரைக்கக் கற்றுக்கொண்டேன். இதை நான் யாரிடமும் சொன்னதில்லை.

போட்டோவிலேயே அவள் எனக்குப் பாடம் எடுத்தாள். "எண்ணெ பிரியலப்பா, இன்னுங் கொஞ்சம் கொதிக்கட்டும்" என்பாள். "கத்திரிக்கா கருத்துருச்சு, நறுக்குனதும் தண்ணில போடுங்க" என்பாள். தட்டாம்பயறுக் குழம்பு, கருவாட்டுக் குழம்பு, மிதுக்க வத்தலைப் போட்டு ஒரு புளிக்குழம்பு என்று ஒவ்வொன்றாகத் தேறினேன். போகப் போக, பெயரை மறைத்துவிட்டுக் காட்டினால்கூட இது யார் வைத்த குழம்பு என்று சொல்கிற அளவுக்கு வந்துவிட்டேன். அக்கா கத்திரிக்காயைக் காம்போடு நாலாகக் கீறிப் போடுவாள். காம்பை எறிந்தால் அவளுக்கு மனசு ஆறாது. என் மகள் அவள் அம்மாவைப் போல, காம்பைத் துப்புரவாக எடுத்துவிடுவாள். கொழுந்தியாள் வைத்த குழம்பென்றால் மேலே தாளிப்பு வடகம் மிதக்கும். அவரவர் கைரேகை மாதிரி அது மாறவே மாறாது.

போன பங்குனியில் மகளுடைய மாமனார் எனக்குப் போன் பண்ணினார். "சம்மந்தி, ஊர்ல சாட்டியாச்சு. பொங்கலுக்குக் கட்டாயம் வந்துருங்க" என்றார். அம்மன் பொங்கலுக்கு நாள் குறித்து, காப்புக் கட்டி, ஊருக்குச் சொல்வதைத்தான் எங்கள் பக்கம் சாட்டு என்போம். சாட்டிவிட்டால் பொங்கல் முடிகிற வரைக்கும் அந்த ஊரில் கவுச்சி கிடையாது. யாரும் வெளியூரில் போய் ராத்தங்கக் கூடாது. முக்கியமாக எந்த வீட்டிலும் தாளிக்கக் கூடாது. எண்ணெய் காய்ந்து கடுகு பொரிகிற சத்தமும் வாடையும் அம்மனுக்கு ஆகாது. அம்மை போட்ட வீட்டில் எப்படித் தாளிக்க மாட்டார்களோ, அதே மாதிரி ஊரே தாளிக்காமல் இருக்கும். குழம்பைக் கொதிக்க வைத்து அப்படியே இறக்கிவிடுவார்கள். சின்னப் பிள்ளைக்குக்கூட இது தெரியும்.

அன்றைக்குச் சாயங்காலம் நான் பருப்புக் குழம்பு வைத்துப் போட்டோ போட்டேன். கொஞ்ச நேரத்தில் மகளிடமிருந்தும் வந்தது. கத்திரிக்காய்ப் புளிக்குழம்பு. நான் வழக்கம்போலப் பெரிதாக்கிப் பார்த்தேன். மேலே கடுகு மிதந்தது. கறிவேப்பிலை சுருண்டு கிடந்தது. ஒரு மிளகாய் வத்தல் கருகி, வாலைத் தூக்கிக்கொண்டு நின்றது. சட்டியில் அப்போதுதான் கொட்டிய தாளிப்பு அது.

முதலில் அவளுக்காகத்தான் பயந்தேன். புது மருமகள் மறந்துபோய்த் தாளித்துவிட்டாளோ, மாமியார் என்ன சொல்லப்போகிறாளோ, ஊர்க்காரன் வாடை பிடித்துவிட்டால் என்ன ஆகும் என்று பதறி, "ஊர்ல சாட்டிருக்கும்போது தாளிச்சியாம்மா?" என்று குரூப்பில் கேட்டேன். கேட்ட மறு நிமிஷம் அந்தப் போட்டோ காணாமல் போனது. அழித்துவிட்டாள். அவள் பதில் சொல்லும் முன்னால் என் அக்கா முந்திக்கொண்டு, "பழைய போட்டோவப் போட்டுருப்பாடா" என்று எழுதினாள். அதற்குக் கீழே கொழுந்தியாள், "ஆமா மச்சான், பழசுதான், நான் முன்னாடியே பாத்துருக்கேன்" என்றாள். கடைசியில்தான் மகள், "ஆமாப்பா, பழசு, கை தவறிப் போச்சு" என்று போட்டாள்.

பின்னாடி எடுத்தாச்சு என்று கேட்காமலே சொல்கிற பயணிகள் மூன்று பேர் ஒரே சீட்டில் உட்கார்ந்திருந்தால் நான் என்ன செய்வேன்? பஸ்ஸை ஓரம் கட்டச் சொல்லுவேன். அன்றைக்கு அப்படித்தான் இருந்தது எனக்கு. மகள் தவறுதலாகப் போட்டதற்கு அக்கா எதற்காகச் சாட்சி சொல்கிறாள்? அவளுக்குப் பாலவனத்தத்தில் உட்கார்ந்துகொண்டு இது பழசு என்று எப்படித் தெரியும்?

உட்கார்ந்து யோசித்தபோது இன்னும் சில விஷயங்கள் துருத்திக்கொண்டு வந்தன. மகள் என்னோடு பேசிக் கொஞ்ச நாளாகிவிட்டது. கூப்பிட்டால் எடுப்பதில்லை. "தொண்ட கட்டிருக்குப்பா" என்று எழுதி மட்டும் அனுப்புவாள். தொண்டை கட்டினவள் கஷாயம் வைத்ததாக ஒரு நாளும் குரூப்பில் போடவில்லையே! மாப்பிள்ளை லோடு ஆட்டோ ஓட்டுகிறார். அவரைக் கூப்பிட்டால், "லோடுல இருக்கேன் மாமா, அப்புறம் பேசுறேன்" என்று வைத்துவிடுகிறார். அப்புறம் என்பது வருவதே இல்லை.

மறுநாள் சாயங்காலம் மகள் ஒரு குழம்பு போட்டாள். இந்த முறை தாளிப்பே இல்லை. வெறுமனே கொதித்து இறங்கிய குழம்பு. என் வாயை அடைக்கத்தான் அது என்று எனக்குப் புரிந்தது. முருங்கைக்காயும் கத்திரிக்காயும் போட்டிருந்தது. பெரிதாக்கிப் பார்த்தேன். கத்திரிக்காயில் காம்பு இருந்தது. காம்போடு நாலாகக் கீறின கத்திரிக்காய்.

கொஞ்ச நேரம் கழித்து அக்காவும் தன் குழம்பைப் போட்டாள். அவளுடையதும் முருங்கைக்காய், கத்திரிக்காய். தட்டு வேறு, சோறு வைத்த விதம் வேறு, குழம்பு ஒன்றுதான். இரண்டு போட்டோவையும் மாற்றி மாற்றிப் பார்த்தேன். பாலவனத்தம் டவுனுக்கு மேற்கே, மகள் ஊர் கிழக்கே, நடுவில் இரண்டு பஸ். ஒரே சட்டிக் குழம்பு இரண்டு ஊரிலும் எப்படி இறங்கும்? ஒரு டிக்கெட்டை வைத்துக்கொண்டு இரண்டு பேர் போவதை நான் சர்வீஸில் எத்தனையோ தடவை பிடித்திருக்கிறேன்.

மகளுக்கு என்னவோ ஆகிவிட்டது, அதை மூன்று பொம்பளைகளும் சேர்ந்து என்னிடம் மறைக்கிறார்கள் என்று முடிவுக்கு வந்தேன். என்ன ஆகியிருக்கும் என்று நினைக்க நினைக்க ஒன்றைவிட ஒன்று மோசமாகத் தோன்றியது. மாப்பிள்ளை அடித்திருப்பாரோ? சாட்டுக்கு முன்னாலேயே வீட்டை விட்டு அனுப்பிவிட்டார்களோ? குரூப்பில் எதையும் காட்டிக்கொள்ளவில்லை. "நல்லாருக்கும்மா" என்று போட்டுவிட்டு, மறுநாள் காலையில் பரளச்சி பஸ்ஸில் ஏறிவிட்டேன்.

ஊர் எல்லையிலேயே வேப்பிலை கட்டியிருந்தது. மகள் வீட்டு வாசலில் மஞ்சள் தண்ணீர் தெளித்திருந்தார்கள். மாமனார் கோயிலில் இருக்கிறார் என்று பக்கத்து வீட்டில் சொன்னார்கள். மாமியார்தான் வீட்டில் இருந்தாள். என்னைக் கண்டதும் அவள் முகம் மாறியதை நான் பார்த்துவிட்டேன்.

"வாங்கண்ணே, சொல்லாமக் கொள்ளாம வந்துருக்கீக" என்றாள்.

"மகளப் பாக்க வந்தேன் தங்கச்சி. எங்க அவ?"

அவள் சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள். நான் தண்ணீரைத் தொடவில்லை. உள் அறைக் கதவு திறந்திருந்தது. கொடியில் மகளுடைய துணி ஒன்றுகூட இல்லை. வாசலில் அவள் செருப்பும் இல்லை.

"டவுனுக்குப் போயிருக்காகண்ணே, ரெண்டு பேரும். சாட்டுறதுக்கு முன்னாடியே போயிட்டாக."

"டவுனுன்னா?"

"அருப்புக்கோட்டைக்குத்தான்."

அருப்புக்கோட்டை என் ஊர். நான் அங்கே இருக்கும்போது, எனக்குத் தெரியாமல் என் மகள் அங்கே எதற்காக இருக்கிறாள்? "எதுக்கு அனுப்புனீக? யாரு அனுப்புனது?" என்று கேட்டேன். என் குரல் ஏறிவிட்டது.

"நாங்க ஒண்ணும் வெரட்டி விடலண்ணே. வீட்டுல இருக்க முடியாத நெலம. சாமி சாட்டப் போற நேரத்துல அப்படி ஒரு தீட்டோட வீட்டுக்குள்ள இருந்தா ஊருக்கே ஆகாதுன்னு பெரியாளுக சொல்லிட்டாக."

"என்ன தீட்டு? என்ன ஆச்சு அவளுக்கு?"

அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். "அத நான் ஒங்ககிட்ட எப்படிண்ணே சொல்லுறது? ஒங்க அக்காகிட்டக் கேளுங்க. அவுகதான் கூட இருக்காக" என்றாள். பிறகு, "ஒரு வாய் சாப்பிட்டுட்டுப் போங்கண்ணே" என்று தட்டை எடுக்கப் போனாள். சம்பந்தி வீட்டில் கை நனைக்காமல் எழுந்து வந்தால் அது எத்தனை பெரிய மரியாதைக் குறைவு என்று எனக்குத் தெரியும். தெரிந்தேதான் வந்தேன்.

பஸ் நிற்கிற வேப்ப மரத்தடியில் நின்றுகொண்டு அக்காவுக்குப் போன் போட்டேன். இரண்டாவது தடவைதான் எடுத்தாள். "எங்கக்கா இருக்க?" என்றேன், சாதாரணமாக. "எங்க இருப்பேன், பாலவனத்தத்துலதான் இருக்கேன், வீட்டுல" என்றாள். அவள் குரலுக்குப் பின்னால் விசைத்தறி ஓடுகிற சத்தம் கேட்டது. பாலவனத்தத்தில் அக்கா வீட்டைச் சுற்றிக் காடுதான். கூப்பிட்ட தூரத்தில்கூடத் தறி கிடையாது. "சரிக்கா" என்று வைத்துவிட்டேன். கல்யாணத்துக்கு முன்னால் மாப்பிள்ளை அருப்புக்கோட்டையில் தறி ஓடுகிற தெருவில் ஒரு மாடி அறையில் தங்கியிருந்தார். பையன் எப்படி என்று விசாரிக்க அந்தத் தெருவுக்கு நானே ஆளுக்குத் தெரியாமல் போயிருக்கிறேன். இப்போது அந்த அறையில் அவருடைய கூட்டாளி ஒருவன் இருக்கிறான்.

திரும்பி வருகிற வழி முழுக்கக் கருவேலங்காடு. ஜன்னலோரம் உட்கார்ந்துகொண்டு எல்லாரையும் மனசுக்குள் திட்டிக்கொண்டே வந்தேன். சம்பந்தியைத் திட்டினேன், மாப்பிள்ளையைத் திட்டினேன். அதிகமாகத் திட்டியது அக்காவைத்தான். என் கூடப் பிறந்தவள் என்னை ஏமாற்றலாமா? தட்டை மாற்றி வைத்துப் போட்டோ எடுக்கிற அளவுக்கா துணிச்சல்?

அந்த மாடி என் வீட்டிலிருந்து நடக்கிற தூரம்தான். காய்கறி வாங்கப் போகும்போது அந்தத் தெரு முனையைத் தாண்டித்தான் போவேன். மேலே போய்க் கதவைத் தட்டினேன். கையில் கரண்டியோடு அக்காதான் திறந்தாள். என்னைப் பார்த்ததும் அவள் கத்தவில்லை, பதறவில்லை. கரண்டியை மட்டும் கீழே இறக்கினாள்.

"வா" என்றாள். "மெதுவாப் பேசு. இப்பத்தான் கண் அசந்தா."

அடுப்பங்கரை என்று தனியாக எதுவும் இல்லை. முன்னறை மூலையில் தரையில் ஒரு கேஸ் அடுப்பு, பக்கத்தில் இரண்டு மூன்று சட்டி. சுவரோரம் விதவிதமான தட்டுகள் கவிழ்த்து வைத்திருந்தன. அந்தத் தட்டுகளை எனக்குத் தெரியும். அத்தனையும் குரூப்பில் வந்தவை.

"என்னக்கா ஆச்சு?" என்றேன்.

அக்கா சுற்றி வளைக்கவில்லை. "உண்டாகியிருந்தாடா. மூணு மாசம் தாண்டட்டும், அப்புறம் ஒன்கிட்டச் சொல்லலாம்னு இருந்தா. நிக்கல. ஆஸ்பத்திரியில வெச்சுச் சுத்தம் பண்ணி அனுப்புனாக. அசையாமப் படுத்திருக்கணும்னு சொல்லிருக்காக. அங்க சாமி சாட்டுறாகன்னு இருக்க விடல. மாப்ள இங்க கூட்டியாந்துட்டாரு, பகல்ல லோடுக்குப் போயிருவாரு. அவரு கூட்டாளி ஊருக்குப் போயிருக்கான்."

மாப்பிள்ளை அடித்தார், துரத்தினார் என்று வழியெல்லாம் கட்டி வைத்திருந்ததெல்லாம் பொலபொலவென்று கொட்டிப் போனது. அதற்குப் பதிலாக வந்து உட்கார்ந்த விஷயத்தை எங்கே வைப்பதென்று எனக்குத் தெரியவில்லை. எனக்கு ஒரு பேரப்பிள்ளை வரவிருந்தது. வரவிருந்ததும் தெரியாது, போனதும் தெரியாது. தினமும் பருப்புக் குழம்பைப் போட்டோ எடுத்துப் போட்டுக்கொண்டிருந்திருக்கிறேன்.

"ஏன் நம்ம வீட்டுக்கு வரல?" என்றேன். "நடந்து போற தூரத்துல நான் இருக்கேன். ஏன் ஊரான் ரூமுல வந்து கெடக்கா?"

"அங்க யாரு இருக்கா?"

"நான் இருக்கேன்."

"நீ இருக்க. பொம்பள யாருடா இருக்கா?" என்றாள் அக்கா. அவள் அதைக் குத்திக்காட்டுகிற மாதிரி சொல்லவில்லை. பொறுமையாகத்தான் சொன்னாள். "ஒன் வீடு ஒரு ரூமு, ஒரு ஹாலு. நடு வீட்டுல நீ உக்காந்துருப்ப. குளிக்க ஊத்தணும், துணி மாத்தணும். தகப்பன வெச்சுக்கிட்டு அவ எப்படிப் படுத்துக் கெடப்பா? அப்பாவுக்குத் தெரிஞ்சா மறுபடி சாப்பிடாமக் கெடந்துருவாருன்னு வேற பயம் அவளுக்கு. அதான் அப்பாகிட்டச் சொல்ல வேணாம்னுட்டா. தெனமும் சாயங்காலம் ஒன் போட்டோ வந்துருச்சான்னு கேப்பா. வந்த பெறகுதான் வாயில சோத்த வெப்பா."

எந்த வீட்டுக்கு அவள் பையைத் தூக்கிக்கொண்டு நேராக வர வேண்டும் என்று அடுப்பைக் கட்டிக்கொண்டு அழுதேனோ, அந்த வீட்டைத் தாண்டித்தான் அவளைக் கூட்டிக்கொண்டு போயிருக்கிறார்கள். என் தெரு வழியாகவே வந்திருப்பார்கள். எனக்கு அவமானமாக இருந்தது. கோபமாகவும் இருந்தது. யார் மேல் கோபப்படுவது என்றுதான் தெரியவில்லை. செத்துப் போனவள் மேல்கூட ஒரு நிமிஷம் கோபம் வந்தது.

பேச்சுச் சத்தத்தில் உள்ளே அவள் விழித்துக்கொண்டாள். "அத்தை, யாரு?" என்றாள். நான் உள் அறை வாசற்படியில் போய் நின்றேன். பாயில் படுத்திருந்தாள். முகம் வெளிறி, கண் உள்ளே போயிருந்தது. என்னைப் பார்த்ததும் போர்வையை இழுத்துக் கழுத்து வரைக்கும் மூடிக்கொண்டாள். பிறகு சிரித்தாள். அந்தச் சிரிப்பை நான் நம்பவில்லை.

"கண்டுபிடிச்சுட்டீகளாப்பா?" என்றாள். "தாளிப்புதான காட்டிக் குடுத்துச்சு? அத்தைகிட்டச் சொன்னேன், தாளிக்காதீகன்னு. இது டவுனுதானன்னு சொல்லிட்டாக."

"நம்ம வீட்டுக்கு வந்துருக்கலாம்லம்மா."

அவள் மேலே ஓடுகிற ஃபேனைப் பார்த்தாள். "அம்மா இருந்தா வந்துருப்பேம்ப்பா" என்றாள். பத்துப் பதினைந்து விதமான குழம்பு எனக்கு வைக்கத் தெரியும். அதையெல்லாம் அங்கே நின்றுகொண்டு எண்ணிக் காட்டவா முடியும்?

அக்கா என் தோளைப் பிடித்து முன்னறைக்குத் திருப்பினாள். "நீ கெளம்புடா. பாத்தாச்சுல்ல. பூண்டுக் குழம்பு வெக்கப் போறேன். பச்ச ஒடம்புக்குப் பத்தியமா வெக்கணும், ஒனக்கெல்லாம் தெரியாது. ரெண்டு நாளு கழிச்சு வா" என்றாள். அடுப்புக்குப் பக்கத்தில் முறத்தில் பூண்டு உரிக்காமல் கிடந்தது.

நான் கிளம்பவில்லை. சட்டைக் கையை மடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்து முறத்தை முன்னால் இழுத்துக்கொண்டேன். பூண்டு உரிக்க ஆரம்பித்தேன். அக்கா என்னை ஒரு பார்வை பார்த்தாள். இவன் எழுந்திருக்க மாட்டான் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. புளியை ஊற வைத்தாள். பக்கத்து வீட்டுத் தறி ஓடிக்கொண்டே இருந்தது. சின்னச் சின்ன நாட்டுப் பூண்டு, தோல் லேசில் வராது. நகக்கண் எரிந்தது. எத்தனை பூண்டு வேண்டும் என்றும் நான் கேட்கவில்லை, போதும் என்று அவளும் சொல்லவில்லை.

உள்ளேயிருந்து குரல் வந்தது. "அப்பா போயிட்டாகளா அத்தை?"

"எங்க போனான்? இங்கதான் கெடக்கான். பூண்டு உரிக்கிறான்."

அதைக் கேட்டு அவள் அழுதாள். விசும்பல் இல்லை. சின்ன வயதில் விழுந்து முட்டியைப் பெயர்த்துக்கொண்டு வந்து அழுவாளே, அந்த அழுகை. தறிச் சத்தத்துக்கு மேலே கேட்டது. நான் எழுந்திருக்கப் பார்த்தேன். அக்கா என் கையைப் பிடித்து அழுத்தி உட்கார வைத்தாள். அவள் கண்ணும் நிறைந்திருந்தது. "விடு, அழுகட்டும். ஆஸ்பத்திரியிலருந்து வந்த நாள்லருந்து ஒரு பொட்டுத் தண்ணி விடலடா. எனக்கே பயமா இருந்துச்சு" என்றாள்.

அழுது ஓய்ந்து மூக்கை உறிஞ்சிக்கொண்டு மகள் கேட்டாள். "அத்தை, நாளைக்கு அப்பா வீட்டுக்குப் போயிருவமா? நீங்களும் வாங்க. அப்பா ஹாலுல படுத்துக்கிருவாக."

அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தாள். "ஏண்டா, ஒன் வீட்டுல நல்லெண்ணெ இருக்கா?" என்றாள்.

இருக்கு என்றேன். பூண்டும் இருக்கு, மிளகும் இருக்கு, கருப்பட்டியும் இருக்கு, பெரிய சட்டி ஒன்று சும்மாதான் இருக்கு என்று அவள் கேட்காததையெல்லாம் சொன்னேன்.